உரோமக் காசில் உள்ள முகம் எவருடையது?

கிறித்தவர்களின் நற்செய்தி நூல்களில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. உரோமப் பேரரசருக்கு வரி செலுத்துவது முறையாகுமா என ஈசா நபி (அலை) அவர்களிடம் சிலர் வினவுகின்றனர். அவர்கள் ஒரு காசைக் கொண்டுவரச் செய்து, அதிலுள்ள உருவமும் எழுத்தும் எவருடையவை என்று கேட்கின்றார்கள். சீசருடையவை என்று விடை வருகின்றது. இந்நிகழ்ச்சியின் சமயப் பொருளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வினா அமைந்த முறையே நம் கருத்தை ஈர்க்கின்றது. உருவம் எவருடையது என்பதோடு அவ்வினா நிற்கவில்லை. எழுத்தையும் சேர்த்தே கேட்கின்றது. காசறிஞர் இன்று கைக்கொள்ளும் நெறியும் இதுவே.

சீசர் என்பது பேரரசர் பலரும் தாங்கிய பெயர். அக்காலத்தில் ஆண்டவர் டைபீரியஸ் (கி.பி. 14–37). ஆதலின் அக்காசு அவருடைய வெள்ளித் தினாரியஸ் ஆகலாம் என்பர் அறிஞர் பலர். அன்று அதைக் கையில் வைத்திருந்தவனுக்கு எந்தச் சீசர் என்னும் ஐயம் எழுந்திராது. இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுள் கிடந்து தேய்ந்த காசை ஏந்தி நிற்கும் நமக்கே அவ்வையம் எழுகின்றது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இஃது அயலாருடைய ஆராய்ச்சி என்று தோன்றலாம், அங்ஙனம் அன்று. யவனர் கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் குறிக்கின்றது. அங்ஙனம் வந்த பொன்னும் வெள்ளியும் கோவை, கரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் புதையல்களாக வெளிப்பட்டுள்ளன. கோவையை அடுத்த வெள்ளலூரில் மட்டும் 1842ஆம் ஆண்டில் 522 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகழாய்வுக் குழியொன்றில் உரோமக் காசு ஒன்று கிடைக்குமாயின் அந்த மண்ணடுக்கின் காலத்தைக் கணிக்க அது பெருந்துணை புரியும். ஆனால் காசிலுள்ள முகத்தைத் தவறாக அறிந்துவிட்டால் கணிப்பு ஐம்பது ஆண்டுகளோ இருநூறு ஆண்டுகளோ பிறழ்ந்துவிடும். அப்பிழை ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குச் சென்று, இறுதியில் பாடப்புத்தகத்திலும் ஏறிவிடும். இதனால்தான் இம்முகங்களைச் சற்று நின்று நோக்க வேண்டியுள்ளது.

முகம் காசில் ஏறிய வரலாறு

உரோமர் தொடக்கத்தில் உயிரோடிருக்கும் மனிதரின் முகத்தைத் தம் நகரக் காசில் பொறிக்கவில்லை. தெய்வங்களின் தலைகளும், மறைந்த முன்னோரின் உருவங்களுமே இடம்பெற்றன. அம்மரபை உடைத்தவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 44இல், அவர் கொலையுண்ட அதே ஆண்டில், அவருடைய முகம் உரோமக் காசில் ஏறியது. சுருங்கிய கழுத்தும் ஒட்டிய கன்னமும் கொண்ட முகம் அது. தலையில் லாரல் இலைகளால் தொடுத்த மாலை காணப்படும். நம்மவர் வெற்றி பெற்றோர்க்கு வாகை சூட்டியது போன்றது அம்மாலை. தமக்கு வழங்கப்பெற்ற சிறப்புகளுள் அம்மாலையை எப்போதும் அணிந்துகொள்ளும் உரிமையையே சீசர் பெரிதும் விரும்பினார் என்றும், தம் வழுக்கையை மறைக்க அஃது உதவியதே காரணம் என்றும் சுவெட்டோனியஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

காசு உருவான முறையையும் ஈண்டு அறிதல் வேண்டும். கீழ் அச்சின் மீது உலோக வில்லையை வைத்து, மேல் அச்சை அதன்மேல் நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். கையால் அடித்தமையால் உருவம் நடுவில் விழுவது அரிது. முகம் முழுதாக விழுந்தால் எழுத்துகளில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடும்; எழுத்து நன்கு விழுந்தால் பின்தலை அற்றுப்போகும். தினாரியஸின் குறுக்களவு ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். எடை நான்கு கிராமிற்குச் சற்றுக் குறைவு. நம் சட்டைப் பொத்தானைக் காட்டிலும் சிறிதே பெரிய அப்பரப்பில் ஒருவருடைய முகத்தையும் பெயரையும் பட்டங்களையும் வெட்டிய அச்சுக் கொல்லர்களின் கைத்திறனை வியவாதிருக்க இயலாது. அவர்களுள் பெரும்பாலோர் பேரரசரை நேரில் கண்டவராக இருந்திருக்க இயலாது. முன்மாதிரி உருவத்தைப் பார்த்தே அவர்கள் அச்சு வெட்டினர். புதியவர் அரியணை ஏறிய முதற் சில திங்களில் அம்மாதிரி வந்து சேராதபோது முன்னவரின் சாயலிலேயே முகம் வெட்டுவதும் உண்டு. அத்தகைய காசுகளில் பெயர் ஒருவருடையது, முகம் மற்றவருடையது போல் தோன்றும்.

முதுமையடையாத பேரரசர்

தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் உரோம வெள்ளிக் காசுகள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவருடையவை. ஆதலின் இவ்விருவரையும் வேறுபடுத்தி அறிதலே தமிழக மாணவருக்கு முதற் பாடம்.

அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டு, 76 அகவை நிரம்பும் தறுவாயில் மறைந்தார். ஆயினும் அவருடைய காசுகளில் ஒரு நரை இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. முப்பது வயது இளைஞனின் முகமே இறுதிவரை நிலவியது. நெற்றியில் விழும் முடிக்கற்றைகள் கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்து நிற்பது அவருடைய உருவங்களுக்குரிய அடையாளம். காசில் உள்ளது அம்மனிதரின் முதுமை முகம் அன்று. அரசு மக்களுக்குக் காட்ட விரும்பிய முகம். ஜூலியஸ் சீசரின் சுருங்கிய கழுத்தைக் கண்டு, காசு உள்ளதை உள்ளவாறே காட்டும் என நம்பிவிட்டால் அகஸ்டஸிடம் ஏமாறுவோம்.

அவருடைய காசுகளுள் நம் நாட்டில் பெருவாரியாகக் கிடைப்பது ஒரே வகை. அதன் பின்புறத்தில் கேயஸ், லூசியஸ் என்னும் இளவரசர் இருவர் நேர்முகமாக நிற்பர். ஒவ்வொருவர் கையும் வட்டக் கேடயத்தின் மீது ஊன்றியிருக்கும். பின்னே வேல்கள் தெரியும். இவர்கள் அகஸ்டஸின் மகள்வழிப் பேரர்கள், அவரால் மகன்மையாக ஏற்கப்பெற்றவர்கள், அரசுரிமைக்கெனக் கருதப்பட்டவர்கள். லூசியஸ் கி.பி. 2இலும் கேயஸ் கி.பி. 4இலும் இளமையிலேயே இறந்தனர். முகப்பு முற்றிலும் தேய்ந்திருந்தாலும் பின்புறத்தில் இவ்விரு நிழலுருவங்களும் கேடயங்களும் தெரிந்தால் காசு அகஸ்டஸினுடையது எனத் துணியலாம்.

டைபீரியஸின் தினாரியஸில் முகம் வேறு. நீண்டு நேராக இறங்கும் மூக்கு, முன்னோக்கி நிற்கும் மோவாய், பிடரியில் சற்று நீண்டு படியும் முடி. பின்புறத்தில் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண் ஒரு கையில் கோலும் மறு கையில் கிளையும் கொண்டிருப்பாள். இவளைப் பேரரசரின் தாயாகிய லிவியா எனப் பலர் கொள்வர். இருபத்து மூன்று ஆண்டு ஆட்சியில் ஏறத்தாழ இவ்வொரு வகைத் தினாரியஸையே டைபீரியஸ் பேரளவில் வெளியிட்டார். மாற்றத்தில் நாட்டமற்ற அவர் போக்கு நமக்கு நன்மையாகவே முடிந்துள்ளது.

இங்கே ஓர் இடர் உண்டு. டைபீரியஸின் பெயர் காசில் ‘டி’, ‘ஐ’ என்னும் இரண்டு இலத்தீன் எழுத்துகளோடு தொடங்கும். பின்னர் ஆண்ட கிளாடியஸின் (கி.பி. 41–54) பெயரும் அதே இரண்டு எழுத்துகளோடுதான் தொடங்கும், ஏனெனில் அவர் முழுப்பெயரும் டைபீரியஸ் என்றே தொடங்குவது. மற்ற எழுத்துகள் அழிந்து இவ்விரண்டு மட்டும் எஞ்சினால் படிப்பவர் அவசரப்பட்டுவிடுவர். அப்போது முகத்தை நோக்க வேண்டும். கிளாடியஸின் கழுத்து நீளமானது, காது பெரிது, நெற்றியில் கவலைக்கோடுகள் தெரியும். எழுத்து ஐயம் தரும்போது முகமும், முகம் ஐயம் தரும்போது எழுத்தும், இரண்டும் கைவிட்டால் பின்புறமும் துணை நிற்கும்.

இவற்றோடு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளைப் பார்த்து இந்தியாவிலேயே செய்த போலிகளும் கிடைக்கின்றன. அவற்றில் முகம் ஓரளவு ஒத்திருக்கும்; எழுத்துகளோ பொருளற்ற கீற்றுகளாக இருக்கும். இலத்தீன் அறியாத கொல்லன் எழுத்தை ஓவியமாகக் கருதி வெட்டியிருக்கிறான்.

கொழுத்த கழுத்தும் பொய்முடியும்

ஒருவரே ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைக் காண விரும்புவோர் நீரோவின் காசுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பதினாறு வயதில் அரியணை ஏறிய அவருடைய முதற் காசுகளில் மெல்லிய முகத்துச் சிறுவனாகத் தோன்றுகின்றார். கி.பி. 54ஆம் ஆண்டுக் காசுகளில் தாய் அக்ரிப்பினாவும் மகனும் ஒருவரையொருவர் நோக்கும் நிலையில் உள்ளனர். சில ஆண்டுகளில் தாயின் முகம் காசிலிருந்து மறைந்தது, கி.பி. 59இல் மகன் ஆணையாலேயே அவள் உயிரும் போயிற்று. அதன்பின் நீரோவின் கன்னம் பருக்கிறது. கழுத்து தடித்து மோவாயோடு ஒன்றாகிறது. நெற்றி முடி படிக்கட்டுப் போல அலையலையாக அமைகிறது. சுவெட்டோனியஸ் எழுதிய வருணனையும் இதற்கு ஒத்தே உள்ளது.

நீரோ இறந்த மறு ஆண்டு, கி.பி. 69இல், நால்வர் அடுத்தடுத்துப் பேரரசராயினர். பயிற்சி பெறுவோருக்கு இந்நால்வரைக் காட்டிலும் எளிய பாடம் இல்லை. கால்பா கொக்கி மூக்கும் சுருக்கமும் கொண்ட கிழவர். ஓத்தோவின் தலையில் வரிசை வரிசையாக ஒழுங்குபட்ட சுருள்முடி. அது பொய்முடி என்கிறார் சுவெட்டோனியஸ். மூன்று திங்களே ஆண்டபோதும் அவர் பொய்முடி காசில் நிலைபெற்றுவிட்டது! விட்டெல்லியஸ் தொங்கும் மோவாய்ச் சதை கொண்டவர். வெஸ்பேசியனோ சதுர முகமும் வழுக்கை ஏறிய நெற்றியும் கொண்ட முதுபெரும் படைத்தலைவர். ஏதோ பெருஞ்சுமையைத் தூக்க முயல்பவர் போன்ற முகக்குறி அவருடையது. தம்மை அழகராகக் காட்ட அவர் விரும்பவில்லை. அவருடைய இளைய மகன் டொமிஷியனுக்கும் வழுக்கை உண்டு என்றும், அதைப் பிறர் குறிப்பிட்டால் சினம் கொள்வார் என்றும் நூல்கள் கூறுகின்றன. காசிலோ அடர்ந்த முடி விளங்குகின்றது.

தாடி என்னும் எல்லைக்கல்

தேய்ந்த காசின் காலத்தை ஒரே நோக்கில் பிரித்தறிய உதவுவது தாடி. அகஸ்டஸ் முதல் டிராஜன் வரை பேரரசர்கள் பொதுவாக மழித்த முகத்தினர். கி.பி. 117இல் ஆட்சிக்கு வந்த ஹேட்ரியன் தாடி வளர்த்தார். கிரேக்கக் கல்வியில் அவருக்கு இருந்த பற்றை அதற்குக் காரணமாகக் காட்டுவர். அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தாடியே பெருவழக்காயிற்று. மார்க்கஸ் அரேலியஸ் சுருள்முடி இளைஞனாகக் காசில் தோன்றி, நீண்ட தாடியுடைய மெய்யியலாராக முடிகின்றார். அவர் மகன் கொமோடஸ் இறுதிக் காலத்தில் ஹெர்குலிஸ் போலச் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திக் காட்சி தருகின்றார். இவரை அறிய எழுத்து வேண்டுவதில்லை.

ஆனால் எழுத்தை மட்டும் நம்புவோரை வீழ்த்தும் குழியும் இக்காலத்தில்தான் உள்ளது. அன்டோனினஸ் என்னும் பெயரை அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ், காரகல்லா, எலகபாலஸ் ஆகிய நால்வரும் தாங்கினர். காரகல்லா என்பது மக்கள் வழங்கிய பெயர். காசில் அது வராது. அன்டோனினஸ் பயஸின் காசில் ‘அன்டோனினஸ், அகஸ்டஸ், பயஸ்’ என்னும் வரிசை அமையும். காரகல்லாவின் காசில் ‘அன்டோனினஸ், பயஸ், அகஸ்டஸ்’ என இரு சொற்கள் இடம் மாறும். இவ்விடமாற்றத்தைக் கவனியாதவர் அறுபது ஆண்டு பிழைபடுவர். முகம் இங்கே கைகொடுக்கும். பயஸ் அமைதி தவழும் முதியவர். காரகல்லா முதலில் பாலகன். வளர்ந்தபின் புருவம் நெரித்துச் சினந்து நோக்கும் படைவீரன். எலகபாலஸ் சிரியாவின் எமெசா நகரிலிருந்து (இன்றைய ஹிம்ஸ்) வந்த பதினான்கு வயதுச் சிறுவன்.

மூன்றாம் நூற்றாண்டில் படைத்தலைவர்கள் அடுத்தடுத்து அரியணை ஏறினர். ஒட்ட வெட்டிய முடியும் குறுந்தாடியும் எல்லார்க்கும் பொதுவாயின. அவர்களுள் மாக்சிமினஸை அவர்தம் பெரிய மோவாயால் அறியலாம். கி.பி. 244 முதல் 249 வரை ஆண்ட பிலிப், தெற்குச் சிரியாவிலுள்ள ஷஹ்பா என்னும் ஊரில் பிறந்தவர். வரலாற்றில் ‘அரபியர் பிலிப்’ எனப்படுபவர். உரோம் நகரம் தோன்றி ஆயிரம் ஆண்டு நிறைந்ததைக் கி.பி. 248இல் கொண்டாடியவர் அவரே. அவ்விழாக் காசுகளின் பின்புறத்தில் சிங்கம் முதலிய விலங்குகள் இடம்பெற்றுள்ளன.

முகம் பொருளிழந்த காலம்

டயோக்ளீஷியன் கி.பி. 293இல் ஆட்சியை நால்வருக்குப் பங்கிட்டார். அந்நால்வரின் காசுகளையும் அருகருகே வைத்தால் ஒரு தாய் வயிற்று நால்வர் என்றே தோன்றும். சதுரத் தலை, குறுந்தாடி, தடித்த கழுத்து. ஒற்றுமையை மக்களுக்கு உணர்த்தும் பொருட்டுத் தனி முகம் கைவிடப்பட்டது. கான்ஸ்டன்டைன் (கி.பி. 306–337) தாடியை மழித்தார்; பின்னாளில் மாலைக்கு மாறாக மணி பதித்த பட்டத்தை அணிந்தார்; வானை நோக்கும் விழியோடு சில காசுகளில் விளங்கினார். அவருக்குப் பின்னர் வந்தோர் பெரும்பாலும் அம்முகத்தையே பின்பற்றினர்.

கரூர், மதுரை, இலங்கை ஆகிய இடங்களில் கிடைக்கும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள் இத்தகையன. ஆர்காடியஸ், ஹொனோரியஸ் என்னும் உடன்பிறந்தார் இருவரையும் அவற்றில் முகத்தால் பிரித்தறிதல் இயலாது. எழுத்தும், பின்புறமும், அச்சுச்சாலைக் குறியுமே அங்கே வழிகாட்டும்.

கிழக்கு உரோமப் பேரரசின் பொற்காசுகள் அரபு நாட்டிலும் வழங்கின. தினாரியஸ் என்னும் பெயரே தீனார் என்று மருவியது. உமையா கலீஃபா அப்துல் மலிக் காலத்தில் முதலில் ஹெராக்ளியஸின் காசைத் தழுவி, சிலுவையை மட்டும் மாற்றி, தீனார்கள் அடிக்கப்பட்டன. பின்னர் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) உருவம் முழுதும் நீக்கப்பட்டு எழுத்து மட்டுமே எஞ்சியது. அக்காசுகளைப் படிப்போருக்கு முகத்தால் வரும் மயக்கம் இல்லை; ஹிஜ்ரி ஆண்டே அவற்றில் எழுதப்பட்டுள்ளது.

வெட்டுண்ட முகங்கள்

புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையுள்ளோரின் காசுகள் அவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்துள்ளது. பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டியிருந்தால் விளிம்பில் வெட்டினாலே போதும். முகத்தையே குறிவைத்தமையால், அவை இனிக் காசாக வழங்கா, பொன்னாக மட்டுமே கொள்ளப்படும் என்று அறிவிக்கவே வெட்டினர் என ஆய்வாளர் கருதினர். யார் வெட்டியது, சேரரா, சோழரா, பாண்டியரா, வணிகரா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வெட்டு மூக்கையும் கண்ணையும் அழித்தாலும் காதும் பிடரி முடியும் கழுத்தும் எஞ்சுகின்றன. இன்னார் எனக் கண்டறிய அவையே போதுமானவையாயின.

முகத்தைச் சரியாகக் கண்ட பின்னரும் ஓர் எச்சரிக்கை தேவை. டைபீரியஸ் காசு கிடைத்த அடுக்கு டைபீரியஸ் காலத்தது என்று எழுதிவிடலாகாது. கி.பி. 64இல் நீரோ தினாரியஸின் எடையைக் குறைத்தார். முன்பு ஒரு இராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. நல்ல வெள்ளி நாடிய வணிகர் அதன்பின்னும் பழைய காசுகளையே தேர்ந்து கடல் கடந்து அனுப்பியிருக்கலாம். ஆகவே காசிலுள்ள முகம் ‘இதற்கு முற்பட்டதன்று’ என்று மட்டுமே சொல்லும்; எவ்வளவு பிற்பட்டது என்பதைச் சொல்லாது. தமிழக வரலாற்று நூல்கள் சிலவற்றில் இவ்வேறுபாடு மறக்கப்பட்டிருப்பதை யாம் வருத்தத்தோடு காண்கின்றோம்.

ஆண்டுகள் சிலவற்றுக்கு முன் மாணவர் ஒருவர் எம்மிடம் ஒரு வெள்ளிக் காசைக் கொணர்ந்தார். தம் தாய்மாமன் நிலத்தில் உழுதபோது கிடைத்தது என்றார். வீட்டுப் பெரியவர்கள் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கியிருந்தமையால் புதுப் பாத்திரம் போல் மின்னியது. எழுத்துகளுள் ஒன்றும் எஞ்சவில்லை. முகத்தில் தாடி இல்லை. ஆகவே ஹேட்ரியனுக்கு முற்பட்டதாகலாம். தலையில் மாலையின் முடிச்சு பிடரியில் தெரிந்தது. மூக்கு தேய்ந்து மழுங்கியிருந்தது. பின்புறத்தைச் சாய்ந்த வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நாற்காலியின் கால்கள் இரண்டும், மேலே ஒரு கோலின் கோடும் தெரிந்தன. டைபீரியஸ் என்று சொன்னோம், அகமகிழ்ந்தார். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதையும் எடுத்துரைத்தோம்.

இது ஒன்றுதான் கிடைத்ததா என்று வினவினோம். ஒரு சிறு கலயம் நிறைய இருந்தன என்றும், மற்றவை நகைக்கடையில் உருகி, அக்காளின் திருமணத்திற்குக் கொலுசாகிவிட்டன என்றும் கூறினார். அவற்றில் எவருடைய முகங்கள் இருந்தன என்பதை அவர் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.